குற்றம் காணக் கற்பித்தல்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்து அன்பர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். புனேக்குக் குடிவந்து முப்பது ஆண்டுகள் ஆனவர். அவருடைய மூத்த மகள் பொறியியற் படிப்பை முடித்து வேலையும் பெற்றுவிட்டாள் என்று அறிந்திருந்தோம். நற்செய்தி கூறவே வந்தார் போலும் என்று எண்ணியிருந்த நம்மிடம், காப்பியைக் கையில் வாங்கிய அவர், "டெஸ்டிங்கில் போட்டுவிட்டார்கள், சார்" என்றார். "பிறர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்கவா இத்தனை செலவு செய்து படிக்க வைத்தேன்?"

இவ்வூர்க் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணாக்கருக்கு மென்பொருட் சோதனை என்னும் பாடத்தைப் பல ஆண்டுகளாக நாம் கற்பித்து வருகிறோம். ஆதலின் இக்கேள்வி நமக்குப் புதியதன்று. ஆயினும் அன்று அவருக்கு நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அன்று கூறியதையும் கூறத் தவறியதையும் இங்கே எழுதுகிறோம். இதே மனக்குறை உள்ள இல்லங்கள் நம்மிடையே வேறும் இருக்கக்கூடும்.

முதலில் நம் குற்றத்தைச் சொல்லிவிடுவதே முறை. தொடக்கத்தில் இப்பாடத்தை நாம் நெட்டுருப் பாடமாகவே நடத்தினோம். சோதனையின் வகைகள் இத்தனை, ஒவ்வொன்றின் இலக்கணம் இன்னது என்று கரும்பலகையை நிரப்பினோம். பிள்ளைகளும் அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் பெற்றனர். பருவம் முடியுந் தறுவாயில், ரயில் கட்டணம் கணக்கிடும் சிறு நிரல் ஒன்றை அவர்களிடம் கொடுத்து, இதைச் சோதித்துத் தருக என்றோம். கோடை விடுமுறைதோறும் பிள்ளைகுட்டிகளுடன் சென்னைக்கு வண்டியேறும் நம்மவர்க்கு விதி தெரிந்ததே. ஸ்லீப்பர் வகுப்பில் தனிப் படுக்கை கேளாதவரை, 5 வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. 5 முதல் 12 நிறையாதவரை அரைக் கட்டணம். அதன்பின் முழுக் கட்டணம். குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமெனில் 2016 முதல் முழுக் கட்டணமே.

மாணாக்கர் 3 என்று வயதிட்டுப் பார்த்தனர். சரியான விடை வந்தது. 8 இட்டனர், 30 இட்டனர்; சரியே. "குறையொன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டனர். குறையோ 12-இல் இருந்தது. '12-க்குக் குறைவாக' என்று இருக்கவேண்டிய இடத்தில் '12 வரை' என்று நாம் வேண்டுமென்றே எழுதியிருந்தோம். 12 வயதுப் பிள்ளைக்கும் அந்நிரல் அரைக் கட்டணமே கேட்டது. அவ்வகுப்பில் ஒருவரும் 12 என்று இட்டுப் பார்க்கவில்லை. சுழியம், 150, எண்ணுக்குப் பதில் எழுத்து ஆகியவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டா. இத்தனைக்கும், எல்லையில் நிற்கும் எண்களைத் தவறாது சோதிக்கவேண்டும் என்ற இலக்கணத்தை அதே பிள்ளைகள் சென்ற வாரத் தேர்வில் பிழையின்றி எழுதியிருந்தனர்!

காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மூன்றாண்டுகளாக அவர்களை நிரல் எழுதப் பழக்குகிறோம். அது ஓடிவிட்டால் பாராட்டுகிறோம். ஓடவேண்டும் என்னும் ஆசையே மனத்தில் ஊறிவிடுகிறது. ஓடாத இடத்தைத் தேடு என்று நான்காம் ஆண்டில் திடீரெனச் சொன்னால் மனம் எப்படித் திரும்பும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சன்றோ? இது மாணாக்கருக்கு மட்டும் உரிய குறையும் அன்று. கிளென்ஃபோர்டு மையர்ஸ் என்பார் 1979-இல் வெளியிட்ட சோதனைக் கலை பற்றிய நூலின் தொடக்கத்தில் ஒரு பயிற்சியைத் தந்திருக்கிறார். மூன்று எண்களைப் பக்கங்களாகக் கொண்டு, முக்கோணம் எவ்வகையினது என்று கூறும் நிரலை எவ்வெவ்வாறு சோதிப்பீர் என்பது கேள்வி. நன்கு பழகிய தொழிலாளரே 14-க்குச் சராசரி 7.8 மதிப்பெண்தான் பெற்றனர் என்று அவர் எழுதுகிறார். முக்கோணமே அமையாத 1, 2, 3 என்னும் எண்கள் பலருக்குத் தோன்றுவதில்லை.

இப்போது நாம் பாடத்தை வேறு விதமாக நடத்துகிறோம். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் சோதிக்கவேண்டும். இதில் மனக்கசப்பு வருவதும் உண்டு. ஒரே அறையில் தங்கியிருந்த இருவர் பல நாள் பேசாதிருந்ததையும் கண்டோம். அதனாலேயே பிழையைத் தெரிவிக்கும் முறையைக் கற்பிக்கச் சில வகுப்புகளை ஒதுக்குகிறோம். 'வேலை செய்யவில்லை' என்று எழுதுவது வசை. இன்னதை இட்டேன், இன்னது வருமென எதிர்பார்த்தேன், இன்னது வந்தது என்று எழுதுவதே அறிக்கை. பிழை நிரலில் இருக்கிறது, எழுதியவரிடம் இல்லை என்ற மரியாதை சொல்லில் இருக்கவேண்டும். நிரல் எழுதுவதைக் காட்டிலும் இது கடினமானது என்று மாணாக்கரே கூறுகின்றனர்.

மதிப்பெண் இடுவதற்கு ஒரு வழி, 1978-இல் டிமில்லோ, லிப்டன், சேவர்டு ஆகிய மூவர் எழுதிய கட்டுரையால் பரவிய முறை. நல்ல நிரலின் பல படிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பிழையை விதைத்துவிடுகிறோம். மாணாக்கர் வகுத்த சோதனைகள் அவற்றில் எத்தனையைப் பிடிக்கின்றன என்று பார்க்கிறோம். இதில் நெட்டுரு உதவாது.

எனினும் இம்முறையில் அகப்படாத திறமையும் உண்டு. ஒருமுறை, பெயரும் முகவரியும் பெறும் விண்ணப்பப் படிவம் ஒன்றைச் சோதிக்கக் கொடுத்தோம். வகுப்பில் பெரும்பாலோர் மராட்டியப் பிள்ளைகள், பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்றையும் இட்டனர், படிவமும் ஏற்றுக்கொண்டது. ஒரு தமிழ்ப் பெண் மட்டும் தன் பெயரை இட்டு, குடும்பப் பெயருக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டாள். படிவம் மறுத்தது. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டாள். ஓரெழுத்துப் பெயர் செல்லாது என்று மீண்டும் மறுத்தது. "பள்ளியில் சேர்ந்த நாள் முதல் இதே தொல்லைதான், சார்" என்றாள். நம்மில் யாருக்கு அத்தொல்லை தெரியாது! அப்படிவத்தை ஆக்கியவர் தீயவர் அல்லர். குடும்பப் பெயர் இல்லாத மனிதரை அவர் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. நினைத்துப் பார்ப்பவர் ஒருவரேனும் சோதனைப் பிரிவில் இருந்திருந்தால், எத்தனை பேர் வரிசையில் நின்று திரும்பியிருக்கமாட்டார்கள்.

இடம் மாறினால் நிரலும் இடறும். 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், தன் முதற் பயணத்தில் 40 விநாடி அளவிலேயே சிதறிப்போயிற்று. ஏரியான் 4-இல் பல்லாண்டு பழுதின்றி உழைத்த நிரற்பகுதியை அப்படியே எடுத்து இதில் வைத்திருந்தனர். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் மிகுதி. அந்த எண், அதற்கென ஒதுக்கிய சிறு இடத்தில் அடங்கவில்லை. புதிய பாதையின் எண்களைக் கொண்டு அப்பகுதியை முன்னரே சோதித்திருந்தால் தரையிலேயே பிழை வெளிப்பட்டிருக்கும். பழைய ஊரில் சரியாக இருந்தது என்பதே சோதனையாகிவிட்டது.

எத்தனை சோதித்தாலும் பிழை உண்டென்று காட்டலாமேயன்றி இல்லையென்று நாட்ட இயலாது என்பது டைக்ஸ்ட்ரா 1969-இல் ரோமாபுரி மாநாட்டில் எடுத்துரைத்த கருத்து. இதைச் சொன்னதும் மாணாக்கர் சோர்ந்துபோகின்றனர். அப்படியானால் எங்கே நிறுத்துவது என்று கேட்கின்றனர். நேரமும் பணமும் முடியும் இடத்தில்தான் பெரும்பாலும் நிறுத்துகிறார்கள் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஆகவே எதை முதலில் சோதிப்பது என்று தேர்வதே அறிவு.

இவற்றுள் பாதியைத்தான் அன்று அன்பரிடம் கூறினோம். அவர் முகம் தெளியவில்லை. விடைபெறும்போது ரயில் கட்டண விதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "தாங்களே சோதித்துப் பாருங்கள்" என்றோம்.

மறு ஞாயிறு மகளுடன் வந்தார். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் இருபதுக்கு மேற்பட்ட வயதுகளை எழுதியிருந்தார். 5, 12, சுழியம் எல்லாம் இருந்தன. கடைசி வரியை மகள் விரலால் சுட்டிக் காட்டிச் சிரித்தாள். "இரவு வண்டி. ஏறும்போது குழந்தைக்கு நாலு வயது. விடியும்போது பிறந்தநாள், ஐந்து. கட்டணம் உண்டா, இல்லையா?"

இத்தனை ஆண்டுகளில் இதை நாம் வகுப்பில் கேட்டதில்லை.