மண்ணெண்ணெய்க்கு மாறிய காரும் மறைந்துபோன வலுவும்



மன்னார்த் தீவிலே மலை இல்லை. ஏற்றம் என்று சொல்லத்தக்க மேடும் இல்லை. மோட்டார் காரின் வலு குறைந்துவிட்டதோ என்று ஐயுறுபவனுக்கு இது ஒரு பெருங்குறையாகும். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகின்றவனுக்குக் கடுகண்ணாவை ஏற்றம் ஒன்றே போதும். நேற்று மூன்றாம் கியரில் ஏறிய கார் இன்று இரண்டாம் கியரைக் கேட்டால் செய்தி விளங்கிவிடும். மன்னார்க்காரருக்கோ தாம்போதியும், பேசாலை வழியாகத் தலைமன்னாருக்குச் செல்லும் மட்டமான சாலையுமே உண்டு. அந்த மட்டமான சாலையிலும் காற்று ஒரு வழக்கைத் தொடுத்துவிடுகிறது. தென்மேல் பருவத்தில் தலைமன்னாரை நோக்கிப் போகும் கார் காற்றோடு ஓரளவு மல்லாடிச் செல்கிறது. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளுகிறது. 2020 ஆம் ஆண்டில் தம்பபவனி என்னும் காற்றாலைத் தொகுதியை அத்தீவில் நிறுவினார்கள் என்றால், அக்காற்றின் வலிமையை நான் வேறு விதமாக எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதை ஏன் முதலிற் கூறுகிறேன் என்றால், வலு குறைந்தது என்ற முறைப்பாட்டோடு கராச்சுக்கு வரும் கார்களிற் சிலவற்றில் எஞ்சின் குற்றமற்றதாகவே இருக்கும். உப்புக் காற்றில் துருவேறிய கைப்பிரேக் கம்பி முழுதும் தளராமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். மணலில் ஓடுவதற்காகக் காற்றுக் குறைத்த ரயர்கள் அப்படியே மறக்கப்பட்டிருக்கலாம். கிளச் வழுக்கலாம்; அப்போது எஞ்சினின் இரைச்சல் கூடும், காரின் வேகம் கூடாது. ஆகவே முதற் சோதனை எளியது. மட்டமான தரையிலே கியரை விடுவித்துக் காரைக் கையால் தள்ளிப் பாருங்கள். பின்னர், சாலை வெறிச்சோடியிருக்கும் விடியற்காலையில், உச்சக் கியரில் மணிக்கு 20 மைலிலிருந்து 40 மைலை எட்ட எத்தனை விநாடி செல்கிறது என்று, போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் கணித்துச் சராசரியை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். காரில் எத்தனை பேர் இருந்தனர் என்பதையும் எழுதுக.

இந்தக் கொப்பி எதற்கு என்று கேட்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் எஞ்சினுக்கு நூல் உண்டு. அளவுகள் யாவும் அதில் உள. மாற்றியமைக்கப்பட்ட எஞ்சினுக்கு நூல் இல்லை. மாற்றியவர் மனத்திலே இருந்த அளவுகள் அவரோடு போய்விடுகின்றன.

எங்கள் நாட்டில் இத்தகைய எஞ்சின்கள் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் ஓடின. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே போர் மீண்டும் மூண்டபின், வடக்கில் அரசாங்கக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த இடங்களுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தீவுக்கு எதிரேயுள்ள மன்னார்ப் பெருநிலத்து ஊர்களிலும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயிலே ஓடப் பழகின. காபரேற்றரின் வாயில் சிறிது பெற்றோலைத் துளித்துக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். ஒஸ்ரின் ஏ40 டெவன் 1947 இல் வெளிவந்தது. 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 40 குதிரைவலு. அந்த நாற்பதும் மண்ணெண்ணெயிற் கிடையா. இரவிலே பிரசவ வேதனைப்படும் ஒருத்தியை ஆசுபத்திரிக்கு ஏற்றிச் செல்லும் கார் பாதிவழியிற் சோர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை அக்காலத்திலே வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபின் பெற்றோல் திரும்பிற்று.

பெற்றோல் ஏறக்குறைய 35, 40 பாகை வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே 150 பாகையளவில்தான். ஆகவே, உறிஞ்சும் குழாயைச் சூடாக்காவிட்டால் அது துளியாகவே சிலிண்டருக்குள் நுழையும். சூடாக்கினாலோ காற்று விரிந்து, அதன் நிறை குறையும். 30 பாகையிலிருந்த காற்று 60 பாகைக்கு ஏறினால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு காற்று குறைந்தே உட்செல்கிறது. வலுவும் அவ்வளவு குறையும். இது பிழையன்று, விலை. அடுத்தது ஒக்டேன் எண். இலங்கையில் விற்கும் பெற்றோலுக்கு அது 92 அல்லது 95. மண்ணெண்ணெய்க்கு அதன் பாதியும் இல்லை. நெருக்கத்தைத் தாங்காமல் அது முந்தி வெடிப்பதால் சிலிண்டருக்குள் தட்டும் ஓசை எழும். அதைத் தவிர்க்கத் தீப்பொறியைப் பின்தள்ளி வைப்பார்கள். அதனாலும் வலு குறையும்.

எது விலை, எது பிழை என்று பிரித்தறிவதே நோயறிதலாகும். இங்கேதான் பலர் வழிதவறுகின்றனர். காபரேற்றர் கையெட்டும் இடத்தில் இருக்கிறது, திருகாணியும் கண்ணுக்குத் தெரிகிறது. குற்றமெல்லாம் அதன் தலையில் விழுகிறது. தந்தி அறுந்த வீணையின் முறுக்காணியைத் திருகிச் சுருதி கூட்ட முயல்வது போன்றது இது.

முதலில் எஞ்சினின் உடலைப் பாருங்கள். எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவி எடுங்கள். ஊற்றாமலே எண்ணெய் ஏறியிருந்தால் மகிழவேண்டாம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. விரலில் தேய்த்தால் எண்ணெய் நீராய் ஓடும், மணமும் காட்டிக்கொடுக்கும். இப்படி ஓடிய எஞ்சினில் பிஸ்ரன் வளையங்களும் பெயறிங்குகளும் விரைவில் தேய்ந்துவிடும்.

அடுத்து நெருக்கம். எஞ்சின் சூடாயிருக்க, பிளக்குகள் நான்கையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுதும் மிதித்தபடி சுழற்றி, மானியால் அளக்க வேண்டும். 118, 115, 80, 116 இறாத்தல் என்று காட்டினால் மூன்றாவது சிலிண்டரே நோயாளி. அதில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க: எண் உயர்ந்தால் வளையம் தேய்ந்தது, உயராவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருங்கே தாழ்ந்தால் காஸ்கெட்டை ஐயுறுக. நான்கும் சமமாக 90 என்றால்? நூலின்படி அது தேய்ந்த எஞ்சின். ஆனால், மண்ணெண்ணெய்க்காக நெருக்கத்தைக் குறைத்து அமைத்த எஞ்சினுக்கு அதுவே உடல்நலமாகவும் இருக்கலாம். சென்ற ஆண்டு என்ன காட்டிற்று என்பதைக் கொப்பிதான் சொல்லும்.

நெருக்கம் சரியாயின் தீப்பொறி. கடற்கரை ஊர்களில் உப்பும் ஈரமும் டிஸ்ரிபியூட்டர் மூடியில் படிந்து மின்சாரத்துக்குக் குறுக்குவழி அமைக்கும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, மூடியைக் கழற்றாமலே பாருங்கள். நீல நிறத்தில் மின்மினிபோல ஓடுவது தெரிந்தால் துணியும் புதுக் கம்பியுமே மருந்து. பொயின்ற் இடைவெளி, லூக்காஸ் டிஸ்ரிபியூட்டருக்கு, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு.

இவ்விடத்தில் ஒரு பொறியைச் சொல்லவேண்டும். மண்ணெண்ணெயிலிருந்து பெற்றோலுக்குத் திரும்பிய காரில் தீப்பொறியைப் பின்தள்ளி வைத்தபடியே விட்டுவிட்டால், எல்லாம் ஒழுங்காயிருந்தும் கார் சோம்பி ஓடும், எஞ்சின் அளவுக்குமேற் கொதிக்கும், பெற்றோலும் செலவாகும். வளையத்தை மாற்றினாலும் காபரேற்றரை மாற்றினாலும் பயன் இராது. டிஸ்ரிபியூட்டரைச் சிறிது சிறிதாக முன்தள்ளி, பாரத்தோடு முடுக்கும்போது தட்டும் ஓசை மெல்லக் கேட்கும் இடத்தை அறிந்து, அங்கிருந்து ஒரு மயிரிழை பின்வாங்கி நிறுத்துக. செலவு ஒரு சதமும் இல்லை.

கடைசியாகவே கலவை. மைனரின் எஸ்.யு. காபரேற்றரில், எஞ்சின் மெல்ல ஓடும்போது உள்ளிருக்கும் பிஸ்ரனை ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு உயர்த்துங்கள். வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் கலவை செறிந்தது. எஞ்சின் நின்றுபோனால் மெலிந்தது. கணப்பொழுது கூடித் தணிந்தால் சரியானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியபின் அதே சாலையில் அதே பாரத்தோடு ஓட்டி எழுதுக. இரண்டை ஒருமிக்க மாற்றியவனுக்கு எது பலித்தது என்று தெரிவதில்லை.

கரையோரத்துப் படகுகளைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடியிழைப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் இன்றும் மண்ணெண்ணெயிலே ஓடுகின்றன. 2022 ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபின், வலுவிழந்த இயந்திரம் ஒவ்வொரு பயணத்திலும் மீனவனின் மடியை அறுக்கிறது. இயந்திரம் இரைந்தும் படகு நகராவிட்டால், காரில் கிளச் வழுக்குவது போலவே, இங்கே விசிறியின் நடுவிலுள்ள றப்பர் வழுக்கலாம். உட்குழலிலிருந்து வெளிக்குழல்வரை ஒரே கோடாகச் சிறிது தீந்தை பூசிவிட்டுக் கடலுக்குப் போங்கள். திரும்பிவந்து பார்க்கும்போது கோடு இரண்டாகி விலகியிருந்தால் பிழை விசிறியில். காபரேற்றரைத் தொடவே வேண்டாம்.