முந்திரிப்பழத்தில் உறைபானம்: கோடைக்கு ஒரு வீட்டுத் தயாரிப்பு

கோடை பிறந்ததும் நெய்வேலி வட்டாரத்தில் இரண்டு பொருள்கள் ஒரே காலத்தில் மிகுகின்றன. ஒன்று வெயில், மற்றொன்று முந்திரிப்பழம். மாசிக் கடைசி தொடங்கி வைகாசி வரையில் பண்ணுருட்டி, விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள செம்மண் தோப்புகளில் மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் உதிர்ந்து கிடப்பதை நம் அங்கத்தினர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். கொட்டையைத் திருகி எடுத்துச் சாக்கில் கட்டுகிறோம். பழத்தை மரத்தடியிலேயே விட்டு வருகிறோம். மறுநாள் அது அழுகிவிடுகிறது.

கொட்டையின் எடை ஒரு பங்கு என்றால் பழத்தின் எடை ஐந்து முதல் பத்துப் பங்கு வரை இருக்கும். ஒரு விவசாயி 100 கிலோ கொட்டை எடுத்தால், குறைந்தது 500 கிலோ பழத்தை மண்ணில் விட்டு வருகிறார் என்பது பொருள். அதிலும் 2011 டிசம்பர் 30 அன்று வீசிய 'தானே' புயலில் இம்மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, புதுக் கன்று நட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் நம்மவர்கள். அவ்வளவு பாடுபட்டு வளர்த்த மரத்தின் விளைவில் பெரும்பகுதியை எறிந்துவிடுவது நியாயமன்று. இப்பழத்தைக் கொண்டு வீட்டிலேயே உறைபானம் செய்யும் முறையை, அதற்குரிய காரணங்களோடு, இக்கட்டுரை எடுத்துரைக்கும்.

பழத்தின் இயல்பு

முந்திரிமரம் நம் நாட்டுக்குப் பிரேசில் தேசத்திலிருந்து போர்ச்சுகீசியரால் பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. அத்தேசத்தில் இப்பழச்சாற்றைத் தெளியவைத்துப் பருகுவது இன்றும் வழக்கம். தாவர நூலார் கூற்றின்படி கொட்டையே உண்மையான கனி. நாம் பழம் என்று சொல்வது பருத்துச் சாறு நிறைந்த காம்பாகும். இதில் உயிர்ச்சத்து 'சி' ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு உள்ளது.

இவ்வளவு நலமிருந்தும் இப்பழத்தை மக்கள் விரும்பாமைக்குக் காரணம் அதன் துவர்ப்பு. தின்றால் நாக்குத் தடித்துத் தொண்டை காறுகிறது. இதற்குக் காரணமான பொருள் டானின் எனப்படும். கடுக்காயில் இருப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கடுக்காய் தோய்த்த நூலில் இரும்பு நீர் பட்டால் கறுத்துவிடும் என்பதைச் சாயமிடும் நெசவாளர்கள் அறிவார்கள். அதே காரணத்தால் முந்திரிப்பழச் சாற்றையும் இரும்புப் பாத்திரத்தில் வைத்தல் ஆகாது. துருப்பிடிக்காத எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமே ஏற்றது. சாறு துணியில் பட்டால் கறை எளிதில் போகாது. ஆகையால் தறிக்கும் பாவுக்கும் அருகில் இவ்வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பழம் தேர்தல்

நன்கு பழுத்து, இறுகலாகவும் காயம்படாமலும் உள்ள பழங்களை அன்று காலையிலேயே பறித்தல் வேண்டும். தரையில் கிடந்து நசுங்கியவை கூடா. மண்ணிலுள்ள கிருமிகள் காயத்தின் வழியே உட்புகுந்திருக்கும். பூச்சிமருந்து தெளித்த தோப்பானால், மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்புக் காலம் முடியும்வரையில் அப்பழத்தைத் தொடலாகாது. இவ்விதியைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைத்தல் அவசியம்.

கொட்டையைக் கையால் திருகி அகற்றவேண்டும். பல்லால் கடித்தல் பெரும் ஆபத்து. ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கொட்டை ஒட்டியிருந்த அடிப்பகுதியைச் சிறிது அரிந்து தள்ளிவிட்டு, பழங்களை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவுக. ஒரு லிட்டர் சாற்றுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ பழம் தேவைப்படும்.

துவர்ப்பு நீக்குதல்

பழங்களைத் துண்டாக்கி, நசுக்கி, வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்து சாறெடுக்கவும். அடுத்து வருவதே இத்தயாரிப்பின் உயிர்நாடியான பகுதி.

ஒரு லிட்டர் சாற்றுக்கு 125 மில்லி லிட்டர் அளவு, அன்று வடித்து ஆறவைத்த உப்பிடாத சோற்றுக் கஞ்சியைச் சேர்த்து நன்றாகக் கலக்கி, மூடி, குளிர்ச்சியான இடத்தில் அசையாமல் வைக்கவும். சாற்றிலுள்ள டானின் கஞ்சியோடு பிணைந்து, திரிந்து, அடியில் படியும். மேலே இளமஞ்சள் நிறத்தில் தெளிவு நிற்கும். அதை மெல்ல இறுத்து மீண்டும் ஒருமுறை துணியில் வடிகட்டுக. நாவில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் காறல் நீங்கியிருப்பது தெரியும். நீங்கவில்லையானால் சிறிது கஞ்சி சேர்த்து மறுமுறையும் தெளியவிடலாம். கஞ்சிக்குப் பதிலாக, லிட்டருக்கு 5 கிராம் ஜவ்வரிசியைப் பொடித்துச் சிறிது நீரில் கூழாகக் காய்ச்சி ஆறவைத்துச் சேர்ப்பதும் உண்டு. தெளிவதற்கு நேரம் பிடிக்குமாதலால் அதுவரை பாத்திரம் குளிர்ப்பெட்டியில் இருத்தல் நலம். வெளியில் வெயிலில் வைத்தால் சாறு சில மணியில் புளிக்கத் தொடங்கும். நுரை எழுந்தாலோ கள் வாடை வீசினாலோ தயங்காமல் கொட்டிவிடுக.

காய்ச்சுதலும் இனிப்பும்

உறையவைத்தால் கிருமி இறந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. குளிரில் கிருமிகளில் பல உறங்கிக் கிடக்குமே அன்றிச் சாவதில்லை. வயிற்றுக்குள் சென்றதும் விழித்துக்கொள்ளும். ஆகவே தெளிந்த சாற்றை அடுப்பிலேற்றி, ஓரங்களில் சிறு குமிழிகள் தோன்றும் வரையில் சூடாக்கி, அந்நிலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து இறக்கவும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இருத்தி விரைவில் ஆற்றுக. இதனால் உயிர்ச்சத்தில் ஒரு பகுதி குறையும் என்பது உண்மையே. எனினும் குழந்தைகளும் முதியோரும் கருவுற்ற பெண்களும் பருகும் பானத்தில் அச்சிறு நட்டத்தை ஏற்பதே அறிவுடைமை.

சூடாக இருக்கும்போதே லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து, ஆறியபின் இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாற்றை விடுக. விரும்புவோர் சிறிது இஞ்சிச் சாறும் சேர்க்கலாம்.

சர்க்கரையின் அளவு சுவைக்காக மட்டும் அன்று. தூய நீர் 0 டிகிரியில் உறைந்து கல்லாகும். சர்க்கரை கரைந்த நீரோ அதற்கும் கீழே சென்றால்தான் உறையத் தொடங்கும். அப்போதும் நீர் மட்டுமே முதலில் பனித்துகளாகப் பிரியும்; எஞ்சிய சாற்றில் இனிப்பு மிகுந்து, அதன் உறைநிலை மேலும் தாழும். இவ்வாறு பனித்துகளும் பாகும் கலந்து நிற்பதனாலேயே கரண்டியால் அள்ளும் பதம் கிடைக்கிறது. சர்க்கரை குறைந்தால் பாறையாகிவிடும். மிகுந்தால் உறையவே உறையாது.

குளிர்ப்பெட்டி உள்ள வீட்டில்

நெய்வேலி நகரியத்துக்குக் குளிர்ப்பெட்டி புதிதன்று. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டு, 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962 முதல் இங்கு மின்சாரம் உற்பத்தியாகிறது. அம்மின்சாரம் இன்று சுற்றுக் கிராமத்து வீடுகளிலும் குளிர்ப்பெட்டியை ஓட்டுகிறது.

அகன்ற எவர்சில்வர் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சாற்றை ஊற்றி, மூடி, உறையறையில் வைக்கவும். ஒரு மணி நேரம் சென்று பார்த்தால் ஓரங்களில் பனி படர்ந்திருக்கும். முள்கரண்டியால் அதைச் சுரண்டி நடுவே தள்ளிக் கலக்குக. பிறகு அரைமணிக்கு ஒருமுறை இவ்வாறே செய்தால் மூன்று நான்கு மணியில் மணல்போன்ற பதம் வரும். கலக்காவிடில் பனித்துகள் பெரிதாக வளர்ந்து பல்லில் கூசும். இரவு முழுதும் வைத்து இறுகிவிட்டால், பத்து நிமிடம் வெளியில் வைத்து மசித்துக்கொள்ளலாம்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில்

பனிக்கட்டி ஒரு காலத்தில் நமக்குக் கடல் கடந்து வந்த வஸ்து. அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை டியூடர் என்ற வணிகர் 1833-ல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842-ல் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' கட்டடம் அச்சரக்கை வைக்கவே கட்டப்பட்டது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர்பெற்று விளங்குகிறது. இப்போது பனிக்கட்டி எந்த ஊரிலும் கிடைக்கிறது. ஆனால் எல்லாம் உண்ணத்தக்கது அன்று. மீனுக்கும் பிணத்துக்கும் பயன்படும் கட்டி எந்த நீரில் செய்யப்பட்டது என்பதை எவரும் கேட்பதில்லை. அத்தகைய கட்டி வெளிர்நீல நிறம் கலந்து விற்கப்பட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் உத்தரவிட்டது. நீலம் இல்லை என்பதனாலேயே தூய்மை என்று கொள்ளாமல், ஐயமுள்ள கட்டியைப் பானத்தில் போடாதிருப்பதே காப்பு.

வெளியிலிருந்து குளிரூட்ட மட்டும் அக்கட்டி உதவும். குல்பி விற்போர் பானையில் கையாளும் முறை இதுவே. ஒரு வாளியில் உடைத்த பனிக்கட்டி மூன்று பங்கும் கல்லுப்பு ஒரு பங்கும் மாறி மாறிப் பரப்புக. உப்பு கலந்ததும் பனி உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். அதனால் அக்கலவை 0 டிகிரிக்குக் கீழே 15 டிகிரிக்கும் அப்பால் குளிர்ந்துவிடும். உப்பும் பனியும் கலந்து எட்டக்கூடிய கீழெல்லை 21 டிகிரி. சாறு ஊற்றி இறுக மூடிய தூக்குப் பாத்திரத்தை அதில் புதைத்து, பிடியைப் பற்றி இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியை நன்கு துடைத்துத் திறந்து, ஓரத்துப் பனியைச் சுரண்டிவிடுக. அரைமணிக்குள் பதம் வரும். உப்புநீர் ஒரு துளியும் உள்ளே புகலாகாது. வெறுங்கையால் அக்கலவையை அள்ளினால் தோல் புண்ணாகும். வேலை முடிந்ததும் அந்நீரை மரத்தடியிலோ தோட்டத்திலோ கொட்டவேண்டாம். உப்பு வேரைக் கெடுக்கும்.

முந்திரிப் பருவம் கழிந்தபின் மாம்பழம், தர்பூசணி ஆகியவற்றிலும் இம்முறையைக் கையாளலாம். அவற்றுக்குக் கஞ்சி தேவையில்லை. தர்பூசணியில் நீர் மிகுதியாதலால் சர்க்கரை சற்றுக் கூடுதலாகவும், பழுத்த மாம்பழத்தில் குறைவாகவும் சேர்க்க வேண்டும்.

யாருக்கு, எவ்வளவு?

தறிக்குழியில் நாள் முழுதும் அமர்ந்து நெய்வோரும், தோப்பில் கொட்டை பொறுக்குவோரும் வியர்வையில் நீரோடு உப்பையும் இழக்கிறார்கள். உறைபானம் களைப்பாற்றும், ஆனால் இழந்த நீரை ஈடுசெய்ய அது ஒன்றே போதாது. தண்ணீரும் நீர்மோரும் இடையிடையே பருகவேண்டும். வயிற்றுப்போக்கோ மிகுந்த சோர்வோ கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசலே மருந்து: காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், சர்க்கரை ஆறு சமதேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. வெயிலில் மயங்கி நினைவிழந்தவருக்கு வாயில் எதுவும் ஊற்றலாகாது. நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்பானத்தை அருந்தாதிருப்பது நல்லது.

சங்கம் செய்யக்கூடியது

தோப்பு உள்ள அங்கத்தினரிடம் பழம் உண்டு. நெசவாளர் தெருவில் பருகுவோர் உண்டு. இவ்விரு சாராரும் ஒரே சங்கத்தில் இருப்பது நமக்கு வாய்த்த சௌகரியம். பருவத்தில் வாரம் ஒருநாள், பழம் கொண்டுவருவோர் யார், பிழிந்து தெளியவைப்போர் யார், யார் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் உறையவைப்பது என்று முறை வகுத்துக்கொண்டால், செலவு சர்க்கரைக்கும் எலுமிச்சைக்கும் மட்டுமே ஆகும். கைப்பிழி இயந்திரம் ஒன்றைச் சங்கத்தின் பொதுவில் வாங்கி வைப்பதையும் நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம். அதன் வரவும் செலவும் தனிக் கணக்கில் எழுதப்பட வேண்டும்.

விற்பனைக்கு இறங்க விரும்புவோர் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெறவேண்டும். ஒரு பருவம் தங்களுக்குள்ளேயே செய்து பருகிப் பார்த்து, எத்தனை கிலோ பழத்துக்கு எத்தனை லிட்டர் கிடைத்தது, எவ்வளவு கெட்டது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த பருவத்தில் விற்பனையைப் பற்றி முடிவு செய்வதே உசிதம். முதல் முயற்சிக்கு இரண்டு கிலோ பழமும் ஒரு டம்ளருக்குச் சிறிது குறைவான கஞ்சியும் போதும். நாளைக் காலை கொட்டை பொறுக்கச் செல்லும்போது ஒரு கூடை கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.