பொம்மைப் பருந்தும் வயல் குருவியும்

நெல்லுக்குப் பறவைகளால் வரும் சேதம் இரண்டு பருவங்களில்தான் அதிகம். விதைத்த முதல் வாரத்தில் புறாவும் மயிலும் விதையைப் பொறுக்கித் தின்னும். கதிரில் பால் பிடிக்கும்போது சில்லையும் தூக்கணாங்குருவியும் கூட்டமாக இறங்கி மணியை நசுக்கிப் பாலை உறிஞ்சும். கிளி வந்தால் கதிரையே நறுக்கிக்கொண்டு போய்விடும். இந்தச் சில வாரங்களைக் கடத்த உழவர் கையாளும் மலிவான வழிகளில் ஒன்று, பறவையை உருவத்தால் ஏமாற்றும் பொம்மை.

சென்னையின் மேற்கு விளிம்பில் இந்தத் தேவை கூடியிருக்கிறது. பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் குத்தம்பாக்கம் திருவள்ளூர் மாவட்ட ஊர்; சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்லின் மூன்று பட்டமும் அங்கே பேசப்படும். பெங்களூரு நெடுஞ்சாலை, மனைப்பிரிவுகள், புதிய பேருந்து முனையம் என்று ஒவ்வொன்றாக வந்து வயலை நெருக்கிவிட்டன. வயல் சுருங்கியதால் குருவித் தொல்லை சுருங்கிவிடாது. வரிசையாகப் பத்து வயல் ஒன்றாகக் கதிர் வாங்கினால் சேதம் பத்துப் பேருக்கும் பிரியும். சுற்றிலும் தரிசும் கட்டடமுமாக இருக்க நடுவில் ஒரு வயல் மட்டும் விளைந்தால், அக்கம்பக்கத்துக் குருவி எல்லாம் அதில்தான் இறங்கும். ஏரிக்கரைக் கோரைகளும் கருவேல மரங்களும் அவை இரவில் அடைய இடம் தருகின்றன.

காவல் காக்கும் வழக்கம் பழையது. தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளி ஓட்டிய பெண்கள் தட்டை, குளிர், தழல் போன்ற கருவிகளைப் பயன்படுத்தியதைக் குறிஞ்சிப்பாட்டு பதிவு செய்திருக்கிறது. கவண்கல்லும் தகர டப்பாவும் நேற்றுவரை அந்த வேலையைத்தான் செய்தன. இன்று நாள் முழுக்க வரப்பில் நிற்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. ஆள் நிற்க வேண்டிய இடத்தில் பொம்மையை நிறுத்துகிறார்கள்.

பொம்மை எப்படி வேலை செய்கிறது? 1937இல் விலங்கு நடத்தை ஆய்வாளர்களான கொன்ராட் லோரன்ஸும் நிக்கோ டின்பெர்கனும் அட்டையில் வெட்டிய ஒரு நிழலுருவைப் பறவைக் குஞ்சுகளின் தலைக்கு மேலே நகர்த்திப் பார்த்தார்கள். ஒரு பக்கமாக நகர்த்தினால் அது கழுத்துக் குட்டையாக, வால் நீண்ட பருந்து. மறுபக்கமாக நகர்த்தினால் கழுத்து நீண்ட வாத்து. வான்கோழிக் குஞ்சுகள் பருந்துக்குத்தான் அதிகம் மிரண்டன. பின்னர் நடந்த சோதனைகள் இதற்கு வேறு விளக்கம் தந்தன: குஞ்சுகள் அஞ்சியது பருந்தின் வடிவத்துக்கு என்பதைவிட, பார்த்துப் பழகாத வடிவத்துக்கு. அடிக்கடி தலைக்கு மேல் போகும் எந்த உருவமும் சில நாளில் அச்சம் தருவதை நிறுத்திவிடும். வயல் பொம்மையின் பலமும் பலவீனமும் இந்த முடிவில் அடங்கியிருக்கின்றன.

பருந்துப் பொம்மை செய்யச் செலவு அதிகம் இல்லை. மூங்கில் சிம்பை வளைத்துச் சட்டம் கட்டி, கறுப்புத் துணியையோ மை பூசிய உரச் சாக்கையோ அதன்மேல் இழுத்துத் தைக்க வேண்டும். இறக்கை விரிப்பு மூன்று அடிக்குக் குறையாமலும், தலை குட்டையாகவும், வால் தெளிவாகவும் இருக்கட்டும். உயரமான சவுக்குக் கழியின் நுனியில் நீளமான நூலில் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்குச் சுழன்று வட்டமடிக்கும். கழியோடு இறுக்கிக் கட்டினால் அசையாது. அசையாத பருந்தைக் குருவி வெகு சீக்கிரம் கண்டுகொள்ளும்.

காகத்துக்கு வேறு உத்தி. செத்த காகம் ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் மற்ற காகங்கள் கூடிக் கரைந்துவிட்டு அந்த இடத்தைத் தவிர்க்கும் என்பது கருவாடு காயவைப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் செத்த பறவையில் பறவைக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். வெறுங்கையால் தொடக் கூடாது. கறுப்பு பாலித்தீன் பையில் வைக்கோல் திணித்து, இறக்கை தொங்குவதுபோல் கட்டினாலும் அதே வேலை நடக்கும். அமெரிக்காவில் மைக்கேல் கானோவர் 1985இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பொருந்தி வருகிறது. வெறும் பிளாஸ்டிக் ஆந்தையைக் காகங்கள் பொருட்படுத்தவில்லை. காலில் காகப் பொம்மையைப் பற்றிக்கொண்டு இறக்கை அடிக்கும் ஆந்தைப் பொம்மை காய்கறிப் பாத்தியை நன்றாகக் காத்தது.

வைக்கோல் உடம்பு, பழைய சட்டை, கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானைத் தலை என்று நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை பல வயல்களில் கண் திருஷ்டிக்கும் சேர்த்தே நிற்கிறது. அதைக் குருவி மதிப்பது சில நாள்தான். ஆகவே எந்தப் பொம்மைக்கும் சில விதிகள் உண்டு. பால் பிடிக்கும்போது நட்டு, அறுவடை முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். ஆண்டு முழுக்க நிற்கும் பொம்மைமேல் குருவி உட்காரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இடத்தையும் சட்டையையும் மாற்ற வேண்டும். குருவி வரும் காலை, மாலை வேளைகளில் தகரம் தட்டுவதையோ, காற்றில் படபடக்கும் ஜிகினா ரிப்பனையோ கூடச் சேர்க்க வேண்டும். நடந்தே வரும் மயிலைப் பொம்மையும் ரிப்பனும் தடுக்காது. அதற்கு வேலியோ வலையோதான் வழி.

பறவையை விரட்டுவது பாதி வேலைதான். தழைப்பருவத்தில் புழுவைத் தின்னும் கரிச்சானையும் மைனாவையும் வயலுக்கு அழைப்பது மீதி. இதற்கு ஏக்கருக்கு 20 வரை ஆங்கில ‘டி’ எழுத்து வடிவக் குச்சிகளைப் பயிரைவிட ஓரிரு அடி உயரமாக நட்டுவைப்பார்கள். இவற்றுக்குப் பறவைத் தாங்கி என்று பெயர். எலிக்கு, அடிப்பக்கம் மேலாக இருக்கும்படி தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டால் இரவில் கூகையும் ஆந்தையும் வந்து உட்காரும். பால் பிடிக்கத் தொடங்கியதும் இந்தத் தாங்கிகளை எடுத்துவிட வேண்டும்; இல்லையென்றால் சில்லைக்கும் அவையே இருக்கையாகும்.

கொல்வது தீர்வல்ல. மயில் நம் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். தானியம் தின்னும் தூக்கணாங்குருவியே தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. சீனா 1958இல் சிட்டுக்குருவிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகியபின் அந்த வேட்டையைக் கைவிட வேண்டியதாயிற்று.

எந்தப் பொம்மையும் தனியாக வயலைக் காக்காது. அதை இடம் மாற்றிவைக்கும் கைதான் காக்கும். பொம்மைக்குச் செலவிடும் காசைவிட, காலையும் மாலையும் பத்து நிமிடம் வயலைச் சுற்றி வருவதற்கு உழவர் செலவிடும் நேரமே அதிகப் பலன் தரும்.