விழுந்தவர் மீண்டும் எழும் ஆட்டம்

மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்துக்கும் தாணேக்கும் இடையே உள்ள தூரம் 34 கிலோமீட்டர். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் மின்சார ரெயிலில் இதைக் கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நாள் மாலை இந்த ரெயிலில், மாட்டுங்காவில் ஏறிய தமிழ் இளைஞர் ஒருவர், இடம் கிடைத்து அமர்ந்ததும் கைபேசியை எடுத்து, இரு பெருவிரல்களாலும் ஓர் ஆட்டத்தை ஆடத் தொடங்கினார். முலுண்டு வருவதற்குள் அவருடைய வீரன் மூன்று முறை மாண்டான். மூன்று முறையும் அவன் சேர்த்த ஆயுதங்களும் பொருளும் பறிபோயின. இளைஞரோ முகம் சுளிக்காமல் நான்காம் முறை முதலிலிருந்து தொடங்கினார்.

இக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வியை எழுப்பும். பாடப் புத்தகத்திலுள்ள ஒரு கணக்கு இருமுறை பிழையானால் ஏட்டை மூடிவிடும் மாணவன், இத்தகைய கடினமான ஆட்டத்தில் நாற்பது முறை தோற்றாலும் சலிப்பதில்லையே, அது ஏன்? இதற்கு விடை காண, முதலில் இவ்வாட்டத்தின் அமைப்பை அறிதல் வேண்டும்.

ஆட்டத்தின் வரலாறு

1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்னும் இரு மாணவர்கள் 'ரோக்' என்ற கணிப்பொறி ஆட்டத்தை உருவாக்கினர். போக்கிரி என்பது இச்சொல்லின் பொருள். அதில் படங்கள் இல்லை. ஆங்கில எழுத்துக்களே அரக்கர்களையும், வேறு சில குறிகள் வீரனையும் சுவர்களையும் குறித்தன. அதன் புதுமை இரண்டு விதிகளில் இருந்தது. நிலவறையின் அமைப்பு ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக அமையும் என்பது முதல் விதி. வீரன் மாண்டால் ஆட்டம் முதலிலிருந்தே தொடங்கும் என்பது இரண்டாவது. இவ்விரு விதிகளையும் பின்பற்றும் ஆட்டங்கள் இன்று 'ரோக்' வகை என வழங்குகின்றன.

நம் நாட்டிலும் இவ்வகை ஆட்டம் தோன்றியுள்ளது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஓகர் ஹெட் ஸ்டூடியோ என்னும் நிறுவனம் 2017 இல் 'அசுரா' என்ற சண்டை ஆட்டத்தை வெளியிட்டது. நமது புராண மரபைத் தழுவிய இதில் அசுரனே நாயகன். அவன் பெறக்கூடிய ஆற்றல்களின் வரிசையும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. தாணே ரெயிலில் கண்ட இளைஞர் ஆடியது, பிரான்ஸ் நாட்டின் மோஷன் ட்வின் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட 'டெட் செல்ஸ்' ஆகும். இது பின்னர் கைபேசிக்கும் வந்தது.

புதிய பாதை அமையும் விதம்

கணிப்பொறி தானாக எதையும் கற்பனை செய்வதில்லை. எண்களைக் கணக்கிட்டே அது பாதையை அமைக்கிறது. இதைக் கரும்பலகையிலேயே செய்து காட்டலாம். ஏதேனும் ஓர் எண்ணை, 7 என்று வைத்துக் கொள்வோம். அதை 5 ஆல் பெருக்கி 3 ஐக் கூட்டினால் 38 வரும். 38 ஐ 16 ஆல் வகுத்தால் மீதி 6. இந்த 6 ஐ மீண்டும் 5 ஆல் பெருக்கி 3 ஐக் கூட்டி 16 ஆல் வகுத்தால் மீதி 1. இவ்வாறே தொடர்ந்தால் 7, 6, 1, 8, 11, 10, 5, 12 என எண்கள் வரும். பதினாறு எண்களும் ஒவ்வொரு முறை வந்தபின் மீண்டும் 7 தோன்றும். 8 ஐ விடக் குறைந்த எண் வந்தால் அறையை இடப்புறமும், 8 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வந்தால் வலப்புறமும் அமைப்பது என்று விதி வகுத்தால், நிலவறையின் வரைபடம் கிடைத்துவிடும். தொடக்க எண் மாறினால் வரைபடமும் மாறும். கணிப்பொறிகள் இதனினும் மிகப் பெரிய எண்களையும் சிக்கலான விதிகளையும் கையாளுகின்றன. 'டெட் செல்ஸ்' ஆட்டத்தில் தனித்தனி அறைகளை மனிதர்கள் வரைந்துள்ளனர். அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதே கணிப்பொறியின் வேலை.

தோல்வி ஏன் கசப்பதில்லை?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக நம் வீடுகளில் பரமபதம் ஆடுவது வழக்கம். அதிலும் பாம்பு கடித்தால் கீழே இறங்கத்தான் வேண்டும். ஆனால் பரமபதத்தில் படம் மாறாது, தாயமே மாறும். நூறு முறை ஆடியவரும் முதன்முறை ஆடுபவரும் அங்கே சமம். 'ரோக்' வகை ஆட்டத்திலோ தற்செயல் மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை. எந்தக் கதவைத் திறப்பது, எந்த ஆயுதத்தை எடுப்பது, எப்பொழுது ஒதுங்குவது என்பன ஆடுபவரின் முடிவுகள். பாதை மாறிக்கொண்டே இருப்பதால் மனப்பாடம் இங்கே உதவாது. பகைவரின் இயல்பையும் ஆயுதத்தின் தன்மையையும் புரிந்துகொண்டவரே முன்னேறுவார். வீரன் தன் பொருளை இழந்தாலும் ஆடுபவர் தம் அறிவை இழப்பதில்லை. இவ்வாட்டத்தின் கவர்ச்சிக்கு இதுவே தலையாய காரணம்.

வேறு காரணங்களும் உள்ளன. 'டெட் செல்ஸ்' ஆட்டத்தில் பகைவன் தாக்குமுன் அவன் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி தோன்றுகிறது. ஆகவே தோற்றவர் தாம் தோற்ற காரணத்தைக் கண்ணாரக் காண்கிறார். மறுமுயற்சி சில விநாடிகளிலேயே கிடைக்கிறது. பிறர் முன்னிலையில் இகழ்ச்சியும் இல்லை. திறமைக்கு மிஞ்சிய வேலை அச்சத்தையும், திறமைக்குக் குறைந்த வேலை சலிப்பையும் தரும் என்றும், இரண்டும் பொருந்தும் இடத்திலேயே மனம் ஒன்றிப்போகும் என்றும் உளவியல் அறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1975 இல் எடுத்துரைத்தார். இவ்வாட்டங்கள் அந்த இடத்தை நாடியே அமைக்கப்படுகின்றன.

கவர்ச்சியின் மறுபக்கம்

எனினும் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்று முன்கூட்டி அறியமுடியாத புறா, ஓய்வின்றிக் கொத்திக்கொண்டே இருப்பதை ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் ஆகிய இருவரும் 1957 இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அடுத்த பெட்டியில் நல்ல ஆயுதம் கிடைக்கலாம் என்ற ஆசையும் அத்தகையதே. உலக சுகாதார ஸ்தாபனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டுப் பழக்கக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற வேலைகளைவிட ஆட்டத்தையே பெரிதாகக் கருதுதல், தீங்கு நேர்ந்தும் விடாமை ஆகியன வழக்கமாக 12 மாதங்களேனும் நீடித்தால்தான் அது நோயாகக் கொள்ளப்படும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து நமது பாராளுமன்றம் 2025 இல் சட்டம் இயற்றியது. இங்கே கூறியவை பந்தயம் இல்லாத ஆட்டங்களாதலின் அவ்வகையில் சேரா.

கற்றல் எது, வெறும் ஆசை எது என்று பிரித்தறிய எளிய கேள்வி ஒன்று உண்டு. அதையே அந்த இளைஞரிடம் கேட்டேன். "எதனால் விழுந்தீர்கள், தம்பி?"

"குறி தெரிந்தது, சார். ஒதுங்காமல் இன்னும் ஓர் அடி அடிக்கலாம் என்று நின்றேன். அதுதான் தப்பு" என்றார்.

தாம் விழுந்த காரணத்தை அவர் அறிந்திருந்தார். "அதிருஷ்டம் இல்லை" என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் வேளை அதுவே என்று கருதியிருப்பேன்.

நாம் கொள்ளத்தக்கவை

ஆசிரியர்கள் இதிலிருந்து சில முறைகளைக் கைக்கொள்ளலாம். பிழையான கணக்கைத் திருத்தும்போது, பிழை நேர்ந்த வரியைச் சுட்டிக் காட்டலாம். அதே கணக்கை எண்களை மட்டும் மாற்றி அன்றே மீண்டும் தரலாம். முதல் முயற்சிகளுக்கு மதிப்பெண் குறைக்காமல் விடலாம். அப்பொழுது மாணவன் விடையை மனப்பாடம் செய்யாமல் வழியைக் கற்பான்.

களப்பணியாளர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். ஆட்டக்காரருக்கு மறுமுயற்சி ஒரு விநாடியில் கிடைக்கிறது. விவசாயிக்கோ அது அடுத்த பருவத்தில்தான் கிடைக்கும். அதற்குள் கடனும் ஏறிவிடும். ஆகவே புதிய விதையையோ உரத்தையோ முழு நிலத்திலும் இடச் சொல்லாமல், முதலில் 5 சென்ட் அளவில் சோதித்துப் பார்க்கச் செய்தல் நன்று. அங்கே பயிர் பொய்த்தாலும் குடும்பம் தாங்கும்; பொய்த்த காரணமும் புலப்படும். விழுந்தவர் எழுவதற்கு மன உறுதி மட்டும் போதாது. எழக்கூடிய அளவிலேயே வீழ்ச்சி அமையுமாறு பார்த்துக்கொள்வதும், வழிகாட்டும் பொறுப்பை ஏற்றவரின் கடமையாகும்.