பேச்சற்ற அரைமணி நேரம்



களவைக் கருப்பொருளாகக் கொண்ட திரைப்படம் நல்ல படமாக இருத்தல் கூடுமா? பல்லாண்டுகளாக மாணவரோடு பழகிவரும் எனக்கு இஃது எளிதான வினாவன்று. 1955ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டில் வெளிவந்த 'றிஃபிஃபி' என்னும் படத்தை உரைகல்லாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஓகுஸ்த் லெ பிறெத்தோன் எழுதிய நாவலொன்றைத் தழுவியது இப்படம். சிறையினின்று மீண்ட தோனி என்பவனும் அவன் தோழர் மூவரும் பாரிஸ் நகரத்து நகைக்கடையொன்றைக் கொள்ளையிடத் துணிகின்றனர். கடைக்கு மேலுள்ள வீட்டினுட் புகுந்து தளத்தைத் துளைக்கின்றனர். உடைந்த துண்டுகள் கீழே விழுந்து ஓசை எழுப்பாதிருக்க, துளையினூடாக ஒரு குடையைச் செலுத்தி விரித்து, அவற்றை அதனுள் ஏந்துகின்றனர். தீயணைக்கும் கருவியின் நுரையைப் பாய்ச்சி அபாய மணியின் வாயை அடைக்கின்றனர். ஏறத்தாழ அரைமணி நேரம் நீளும் இப்பகுதியில் உரையாடலும் இல்லை, இசையும் இல்லை. இசையமைப்பாளராகிய ஜோர்ஜ் ஓரிக் முதலில் இசை வேண்டுமென்றே எண்ணினார். இசையுடனும் இசையின்றியும் பார்த்தபின், இசை வேண்டா என்று தாமே ஒப்புக்கொண்டார்.

அக்காலத்தில் இளம் விமரிசகராக விளங்கிய பிரான்சுவா துரூஃபோ, மிக மட்டமான நாவலொன்றிலிருந்து இத்துறையின் மிகச் சிறந்த படம் பிறந்துள்ளது என்று வியந்தார். 1955ஆம் ஆண்டுக் கான் விழாவில், சிறந்த நெறியாளருக்கான பரிசு இப்படத்தின் நெறியாளர் ஜூல்ஸ் டாசினுக்கும் சோவியத் நெறியாளர் ஒருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆயினும், களவுத் தொழிலை இது கற்பிக்கின்றது என்று அஞ்சித் தடைவிதித்த நாடுகளும் உண்டு.

அந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் கொள்ளையோடு கதை முடியவில்லை. நால்வருள் ஒருவனாகிய சேசார், களவாடிய மோதிரமொன்றை ஒரு பாடகிக்குப் பரிசளிக்கின்றான். அம்மோதிரமே பகைவருக்கு வழிகாட்டுகின்றது. அவர்களின் கொடுமைக்கு அஞ்சி அவன் தோழரைக் காட்டிக்கொடுக்கின்றான். தோனியின் கையாலேயே மடிகின்றான். இறுதியில் நால்வருள் எவனும் எஞ்சவில்லை. பகைவர் கவர்ந்து சென்ற தோழனுடைய குழந்தையை மீட்டுத் தாயிடம் சேர்த்ததும் தோனியும் உயிர்விடுகின்றான்.

சேசாராக நடித்தவர் வேறு பெயரில் மறைந்திருந்த டாசினே ஆவார். அமெரிக்கரான அவரைப் பொதுவுடைமையர் என்று 1951ஆம் ஆண்டிலே விசாரணைக் குழுவொன்றின் முன் சக நெறியாளர் ஒருவர் பெயர் கூறினார். ஹொலிவூட்டின் கதவுகள் அவருக்கு அடைபட்டன. 1950ஆம் ஆண்டில் வெளிவந்த படத்தின்பின் 'றிஃபிஃபி' வரை அவருடைய முழுநீளக் கதைப்படம் எதுவும் வெளிவரவில்லை. காட்டிக்கொடுக்கப்பட்டவரே காட்டிக்கொடுப்பவன் வேடத்தைப் புனைந்தார் என்பதை அறிந்து நோக்கின், அக்காட்சியின் துயரம் நம் நெஞ்சிற் பன்மடங்காகின்றது. அவர் அவனை அரக்கனாகக் காட்டவில்லை. அஞ்சிய மனிதனாகவே காட்டினார்.

ஆகவே நம் வினாவுக்கு விடை யாது? அரைமணி நேரம் கைத்திறனை வியக்கச் செய்யும் இப்படம், எஞ்சிய நேரத்தில் அவ்வியப்புக்குரிய விலையை நம்மிடமே கணக்குக் கேட்கின்றது. பாதியில் எழுந்து செல்வோன் களவைக் கற்றிருப்பான். இறுதிவரை இருப்போன் அதன் பயனையும் கற்பான். பிள்ளைகளைப் படம் பார்க்க விடுவதா என்று மயங்கும் பெற்றோரே, அவர்களுடன் இறுதிவரை நீங்களும் அமர்ந்திருங்கள். பின்னர் அதுபற்றி உரையாடுங்கள்.