ஆற்றோர மேட்டு மணல் நிலம்



தென்காசிப் பக்கம் நிலம் விலை பேசும் இடத்தில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. "ஆத்தோரத்து நெலம்லா, என்ன போட்டாலும் விளையும்" என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. ஆற்றோரத்திலே இரண்டு விதமான நிலம் இருக்கிறது. ஒன்று, வெள்ளம் வந்தால் முழுகி, வண்டல் படிகிற பள்ளத்துப் படுகை. மற்றொன்று, அதற்கு ஒரு படி மேலே, எந்த வெள்ளமும் எட்டாமல் சமதளமாகக் கிடக்கிற மேடு. இரண்டும் ஆறு கொண்டுவந்து போட்ட மண்தான். ஆனால் குணம் வேறு. மேட்டு நிலத்தைப் படுகை நிலம் என்று நம்பித் தண்ணீரையும் உரத்தையும் கொட்டி, கைப்பணத்தை மண்ணுக்குள்ளே விடுகிறவர்கள் நம்மிலே பலர். அந்த மேட்டு மண்ணைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

நம்ம சிற்றாற்றையே எடுத்துக்கொள்வோம். குற்றாலம் மலையில் பிறந்து, அருவியாக விழுந்து, தென்காசி வழியாகக் கிழக்கே ஓடி, சுமார் 80 கிலோமீட்டர் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அனுமன் நதி, கருப்பா நதி என்று வழியிலே வந்து சேரும் ஆறுகளும் மலையிலிருந்து இறங்குகிறவைதான். மலையிலே இருப்பது கெட்டிக் கருங்கல். வெயிலிலும் மழையிலும் அது நைந்து உதிரும்போது, அதில் ஒரு பகுதி களியாக மாறும். வெள்ளைக்கல் மட்டும் மாறாது; உடைந்து மணலாகும். கையில் அள்ளினால் மினுக்குகிறதே காக்காப்பொன், அதுவும் அந்தக் கல்லிலிருந்து வந்ததுதான்.

மலையை விட்டு இறங்கியதும் ஆற்றின் வேகம் குறைகிறது. கனமானதை முதலில் போட்டுவிடும். அதனால்தான் அடிவாரத்தில் உருண்டைக் கல்லும் சரளையும், கொஞ்சம் தள்ளிப் பருமணல், இன்னும் கிழக்கே பொடிமணல். லேசான களி தண்ணீரோடு வெகுதூரம் போய்விடுகிறது. அல்லது குளத்துக்குள் போய்ப் படிகிறது. இந்தக் குளத்துக் களியை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

மேடு எப்படி வந்தது? முன்பு ஒரு காலத்தில் ஆறு அந்த உயரத்தில்தான் ஓடியது. பிறகு தன் பாதையைத் தானே அரித்து ஆழமாக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. பழைய படுகை மாடிப்படி மாதிரி மேலேயே நின்றுவிட்டது. சில இடங்களில் இரண்டு மூன்று படிகள்கூட இருக்கும். மேலே போகப் போக மண்ணுக்கு வயது அதிகம். ஆறு இறங்கிய அன்றோடு அந்த மண்ணுக்குப் புது வண்டல் வரத்து நின்று போயிற்று. படுகை நிலத்துக்கு வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறே எருப் போடுகிறது. மேட்டுக்கு நாம் போட்டால்தான் உண்டு.

இதோடு நம்ம பக்கத்துத் தட்பவெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சாரல் தென்காசியை நனைக்கிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போகும்போது அது பெரும்பாலும் வெறும் காற்றாகிவிடுகிறது. அங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. மற்ற மாதங்களில் வெயில். சூடான மணலிலே இலைதழையும் எருவும் சீக்கிரம் மட்கி, சீக்கிரமே கரைந்தும் போகும். ஆகவே மண்ணிலே மக்குச் சத்து தங்குவதில்லை. உலகம் முழுவதும் வறண்ட சீமைகளின் ஓடைக்கரைகளில் இதே கதைதான். மண்ணியல்காரர்கள் இந்த மாதிரி மண்ணை 'என்டிசால்' என்ற வகையில் சேர்க்கிறார்கள். இன்னும் பக்குவப்படாத இளம் மண் என்று அர்த்தம். ஆறு அடுக்கிய அடுக்கு இன்னும் கலையாமல் அப்படியே இருக்கும். பழைய மேடுகளில் மட்டும் அடியிலே சுக்கான் கல் சேர்ந்திருப்பதைக் காணலாம்.

இனி தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். ஓர் அடி ஆழமுள்ள மணல்சாரி மண், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீரைச் சுமார் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் பிடித்துவைக்கும். அதே ஓர் அடிக் கரிசல் மண் 5, 6 சென்டிமீட்டர் பிடிக்கும். உங்கள் பயிரின் வேர் இரண்டடி போகிறது என்றால், மணலில் கையிருப்பு மொத்தம் 4 சென்டிமீட்டர். அதில் பாதி செலவானவுடனே மறுபடி பாய்ச்சியாக வேண்டும். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் போகிறது. நாலு நாளில் 2 சென்டிமீட்டர் தீர்ந்தது. "அண்ணாச்சி, பாய்ச்சி அஞ்சு நாள்கூட ஆகல, அதுக்குள்ள வாடுதே" என்று கேட்கிறீர்களே, அதற்கு இதுதான் விடை. காற்றாலை விடாமல் சுற்றுகிற மாதங்களில் இன்னும் சீக்கிரம் காயும்.

அடுத்ததுதான் பெரிய நஷ்டம். வாடுகிறதே என்று பயந்து, வயலை முழுக்க நிரப்பி 6 சென்டிமீட்டர் விடுகிறோம். மண்ணுக்குத் தேவை 2. மீதி 4 சென்டிமீட்டர் வேருக்குக் கீழே போய்விடும். ஒரு ஏக்கருக்கு இது சுமார் 1,60,000 லிட்டர். கிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றிய தண்ணீர் திரும்பவும் மண்ணுக்கடியிலேயே போகிறது. போகும்போது சும்மாவும் போவதில்லை. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும். அதை மணலால் பிடித்துவைக்க முடியாது, தண்ணீர் போகிற வழியே போய்விடும். சாம்பல் சத்தைக் களி பிடித்துக்கொள்ளும். மணலில் களி ஏது? 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை ஒரே நாளில் வீசிவிட்டு மறுநாள் வயலை முழுக்காட்டினால், பயிர் சாப்பிட்டது எவ்வளவு, கிணறு சாப்பிட்டது எவ்வளவு என்று யார் சொல்ல முடியும்!

ஆகவே இந்த மண்ணுக்குக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற முறைதான் சரி. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பாத்தியைச் சிறிதாகக் கட்டுங்கள். நீளமான மண் வாய்க்காலில் பாதித் தண்ணீர் வழியிலேயே இறங்கிவிடும், குழாய் போடுங்கள். சொட்டுநீர் இந்த மண்ணுக்கென்றே வந்த மாதிரி. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு தருகிறது. தழைச் சத்தை மூன்று நான்கு தவணையாகப் பிரியுங்கள். தென்னைக்கு வருஷத்துக்கு மரம் ஒன்றுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுவுரம் 50 கிலோ என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. யூரியாவையும் பொட்டாஷையும் இரண்டு தவணையாக வைப்பது வழக்கம். மணல் மேட்டிலே நான்காகப் பிரித்து வையுங்கள். கூடுதல் செலவு கூலி மட்டும்தான்.

மண்ணையே கொஞ்சம் மாற்ற முடியாதா? முடியும். ஆற்று மேட்டுக்கு இல்லாத களி குளத்தில் இருக்கிறது என்றேனே, அந்தக் கரம்பையைக் கொண்டுவந்து பரப்ப வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் கனம் பரப்ப 40 கனமீட்டர் வேண்டும். டிராக்டர் டிப்பரில் சுமார் 3 கனமீட்டர் ஏறும் என்றால் பதின்மூன்று பதினான்கு நடை. அடிக்கிற கூலி இருக்கிறது, உண்மைதான். ஆனால் யூரியா மாதிரி அடுத்த மாதமே போய்விடாது. வருஷக் கணக்கில் வயலிலேயே இருக்கும். 2024 முதல் வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம். உவர் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். கட்டிகளை வெயிலில் உலரவிட்டு, ஒரு மழை நனைத்தபின் உழுதால் பொலபொலவென்று கலந்துவிடும்.

ஆட்டுக்கிடை போடுவதும் நல்லது. மட்கவைத்த தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். பச்சையாக மட்டும் போடாதீர்கள். பசுந்தாளுக்குக் கொழிஞ்சியை விட்டால் இந்த மண்ணுக்கு வேறு ஆள் இல்லை. விதைத் தோல் கெட்டி. அதனால் மணலோடு சேர்த்து லேசாக இடித்து விதைக்க வேண்டும். ஒரு தரம் விதைத்தால் அடுத்த வருஷம் உதிர்ந்த விதையிலிருந்து தானே முளைக்கும்.

குறையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மணலுக்கென்று தனிச் சிறப்பும் உண்டு. மழை விட்ட மறுநாளே ஏர் இறங்கும். வேருக்குக் காற்றோட்டம் தாராளம். நிலக்கடலை பிடுங்கும்போது காய் மண்ணில் நிற்காது. நம்ம சிறுகிழங்குக்கு இப்படி இளகின மண்தான் வேண்டும். பொங்கலுக்குச் சந்தைக்கு வருகிற கிழங்கு உருண்டு திரண்டு இருப்பது மண்ணின் இளக்கத்தால்தான். ஆனால் இதே இளக்கம் வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் சௌகரியம். கிழங்கிலோ தக்காளி, கத்தரி, வெண்டை வேரிலோ கழலை மாதிரி முடிச்சு கண்டால் அதே பயிரைத் திரும்ப வைக்காதீர்கள். கோடையில் இரண்டு தரம் ஆழ உழுது மண்ணைக் காயவிடுங்கள். ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போட்டு, ஒரு போகம் கேந்தியோ சோளமோ வையுங்கள்.

கிணற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேட்டு நிலத்துக் கிணற்றுக்கு ஊற்றுப் பெரும்பாலும் ஆற்று மணல் வழியாகத்தான் வருகிறது. ஆற்றின் தரைமட்டம் இறங்கினால் கிணற்று நீரும் கூடவே இறங்கும். ஆற்றில் மணலைத் தோண்டி எடுக்கும்போது குறைவது ஆற்றின் மணல் மட்டுமல்ல. கரைமேலே இருக்கிற உங்கள் கிணற்றின் தண்ணீரும்தான். ஊர்க்கூட்டத்தில் பேசவேண்டிய விஷயம் இது.

இவ்வளவும் பொதுவாகச் சொன்னது. உங்கள் வயலில் என்ன இருக்கிறது என்பதை மம்பட்டிதான் சொல்ல வேண்டும். ஆறு அடுக்கிய மண்ணானதால் நூறடிக்கு ஒரு விதமாக மாறும். ஏக்கருக்கு இரண்டு இடத்தில் மூன்றடிக் குழி வெட்டுங்கள். இரண்டடியில் களிப் பட்டை ஒன்று ஓடினால் அதிர்ஷ்டம். தண்ணீர் அதன்மேல் நிற்கும், தென்னை தைரியமாக வைக்கலாம். கூழாங்கல் அடுக்கு வந்தால் வேர் அங்கே தயங்கும்; மரப்பயிர் வேண்டாம். மேலே பொடிமணலும் கீழே பருமணலும் இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். மேலடுக்கு நன்றாக ஊறும்வரை தண்ணீர் கீழே இறங்காமல் தொங்கி நிற்கும். அளவு மிஞ்சினால் சட்டென்று இறங்கிவிடும். அந்த வயலில் அளவாகப் பாய்ச்சுகிறவருக்கு லாபம் இரட்டிப்பு.

குழி வெட்ட நல்ல நேரம் பங்குனி, சித்திரை. மேல் அடி மண்ணைத் தனிப் பையிலும், இரண்டாம் அடி மண்ணைத் தனிப் பையிலும் அரை அரைக் கிலோ எடுத்து, சர்வே எண்ணும் ஆழமும் எழுதி, உங்கள் பகுதி வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்கள். எருக் குவித்த இடம், வரப்போரம், மர நிழல் ஆகிய இடங்களில் மட்டும் மண் எடுக்கவேண்டாம்.