எடைக்குப் போட்ட வால்வு

சின்னமனூரில் தாத்தா வைத்திருந்த மைக் செட்டின் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் போன வருசம் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம். வால்வு கம்ப்ரசர் பற்றிப் படித்த பிறகு வயிறு எரியுது!

பாடுகிறவர் திடீரென்று கத்தினால் ஒலியைத் தானே அடக்குவதுதான் கம்ப்ரசர். 1959-ல் அமெரிக்காவில் வந்த ஃபேர்சைல்டு 670-ல் 20 வால்வுகள். எடை சுமார் 30 கிலோ. (நம்ம லேப் டேபிள் தாங்குமா?) சத்தம் ஏறினால் வால்வின் கிரிட்டில் நெகட்டிவ் வோல்டேஜ் கூடும், பெருக்கம் குறையும். வெடுக்கென்று வெட்டாமல் வழுக்கிக்கொண்டு குறைவதால் குரல் இதமாகக் கேட்கும். லண்டனில் பீட்டில்ஸ் பாட்டுகளுக்கு இதன் தம்பி 660 உழைத்தது. செய்ததே கொஞ்சம்தான். அதற்கான 6386 வால்வையும் பழைய கம்பெனி நிறுத்திவிட்டது. இன்று ஒரு பெட்டி பல லட்ச ரூபாய்.

தாத்தாவுடையது கம்ப்ரசர் இல்லைதான். ஆனாலும் வால்வு சாதியாச்சே! அப்பாவிடம் சொன்னேன். "கிலோ என்ன வெலைக்குடா போட்டோம்?" என்று மட்டும் கேட்டார்.